ஓசிஐ கார்டு இருந்தா தமிழ்நாட்டுல உள்ளூர் ஃபீஸ்லயே இன்ஜினியரிங் படிக்கலாமா?

மலேசியாவுல ஈப்போவுல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "எங்க தாத்தா புதுக்கோட்டைப் பக்கம் இருந்து பால்மரம் (ரப்பர் மரம்) வெட்ட வந்தவரு. என் மக எஸ்டிபிஎம் (இங்க பிளஸ் டூ மாதிரி பரீட்சை) முடிச்சிட்டா, தமிழ்நாட்டுல இன்ஜினியரிங் படிக்கணும்னு ஒரே பிடிவாதம். ஓசிஐ கார்டு (இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்திய அரசு குடுக்குற 'ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா' அட்டை) எடுத்துட்டா அங்க உள்ள பிள்ளைங்க மாதிரியே கவுன்சிலிங்ல சீட்டு, கம்மி ஃபீஸ் எல்லாம் கிடைக்கும்னு ஒரு ஏஜென்ட் சொல்றாரு, நம்பலாமா?"

நம்பாதீங்க. ஒரு காலத்துல ஓரளவு அப்படி இருந்துச்சு, அதை வச்சுதான் இன்னும் பல பேரு வியாபாரம் பண்றாங்க. 2021 மார்ச் 4ஆம் தேதி மத்திய அரசு போட்ட அறிவிப்புல, ஓசிஐ பிள்ளைங்க நீட் (மருத்துவம்), ஜேஇஇ (இன்ஜினியரிங்) மாதிரி நுழைவுப் பரீட்சையெல்லாம் எழுதலாம், ஆனா சீட்டு என்ஆர்ஐ (வெளிநாட்டுவாழ் இந்தியர்) கோட்டாவுலயோ கூடுதலா ஒதுக்குற சீட்லயோதான், இந்தியக் குடிமக்களுக்குன்னு உள்ளதைத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. 2023ல சுப்ரீம் கோர்ட்டு கொஞ்சம் இறங்கி வந்து, அந்தத் தேதிக்கு முன்னாடியே கார்டு வாங்குனவங்களுக்கு பழைய உரிமை தொடரும்னு தீர்ப்பு குடுத்துச்சு. உங்க மக இனிமேதானே கார்டு எடுக்கப் போறா, அதனால அவளுக்குப் புது விதிதான்.

அப்போ வழியே இல்லையான்னா, இருக்கு, ஃபீஸ்தான் கூட. திருச்சி என்ஐடி மாதிரி மத்திய அரசு இன்ஜினியரிங் காலேஜுக்கு டாசான்னு வெளிநாட்டுல படிச்ச பிள்ளைங்களுக்கான தனி அட்மிஷன், அதுக்கு ஜேஇஇ மெயின் ரேங்க் வேணும், பரீட்சை ஜனவரி, ஏப்ரல்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஆனா பாடத்திட்டம் எஸ்டிபிஎம் மாதிரி இல்ல, தனியா உக்காந்து படிச்சாத்தான் ஆச்சு. அண்ணா யுனிவர்சிட்டியில வெளிநாட்டு மாணவர்களுக்குன்னே தனி ஆபீஸ் இருக்கு. தனியார் காலேஜ்ல மார்க்க வச்சே சேர்த்துக்குவாங்க. இந்திய அரசு வெளிநாட்டுவாழ் இந்தியர் பிள்ளைங்களுக்குன்னு வருஷம் 150 ஸ்காலர்ஷிப் குடுக்குது, இந்திய வம்சாவளி பிள்ளைங்களும் போடலாம், வருஷத்துக்கு 4000 டாலர் வரைக்கும் கிடைக்கும், வயசு 17ல இருந்து 21க்குள்ள இருக்கணும், அதுக்கு கண்டிப்பா முயற்சி பண்ணுங்க. ஏன்னா உங்க ஊரு அரசாங்கம் குடுக்குற பிடிபிடிஎன் படிப்புக் கடன் வெளிநாட்டுப் படிப்புக்கு வராது.

இப்ப நான் சொல்லப் போறதுதான் முக்கியம், இதை யாரும் கேக்கவே மாட்டேங்கிறாங்க. படிச்சிட்டு மலேசியாவுக்குத் திரும்புனா அந்த டிகிரிய ஏத்துக்குவாங்களா? இன்ஜினியரிங் படிப்ப நாட்டுக்கு நாடு ஏத்துக்கிற வாஷிங்டன் ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு, மலேசியா 2009லயும் இந்தியா 2014லயும் அதுல முழு உறுப்பினர் ஆச்சு. ஆனா இந்தியாவுல என்பிஏன்னு தரம் பாக்குற அமைப்பு குடுக்குற அங்கீகாரம் ரெண்டு தினுசு, அதுல டயர் 1 வாங்குன கோர்ஸ் மட்டும்தான் இந்த ஒப்பந்தத்துல வரும். யுனிவர்சிட்டிக்கும் தன்னாட்சி காலேஜுக்கும்தான் டயர் 1 கிடைக்கும், சும்மா அண்ணா யுனிவர்சிட்டியோட இணைஞ்ச காலேஜுக்கு டயர் 2. அதுலயும் பாருங்க, அங்கீகாரம் காலேஜுக்கு இல்ல, ஒவ்வொரு கோர்ஸுக்கும் தனித்தனி. மெக்கானிக்கலுக்கு இருக்கும், பக்கத்து பில்டிங்ல சிவிலுக்கு இருக்காது. வாசல்ல பெருசா என்பிஏன்னு போர்டு மாட்டியிருப்பாங்க, எதுக்குன்னு கேட்டா பேச்ச மாத்துவாங்க. நானே ஒரு தடவை கேட்டதுக்கு காபி வரவழைச்சாங்க, பதில் வரல.

அப்போ ஓசிஐ வேண்டாமான்னா, எடுங்க, ஆனா சீட்டுக்காக இல்ல. அது இருந்தா ஆயுசுக்கும் விசா தொல்லை இல்ல, எஃப்ஆர்ஆர்ஓன்னு வெளிநாட்டவர் பதிவு ஆபீஸ்ல பதிவு தேவையில்ல. (ஸ்டூடன்ட் விசாவுல வந்தா 14 நாளைக்குள்ள பதிவு பண்ணணும், டூரிஸ்ட் விசாவுல வந்து காலேஜ்ல சேரவே கூடாது.) பின்னாடி பிஎச்டி, ஆராய்ச்சின்னு போனா மட்டும் தனியா அனுமதி வாங்கணும். மலேசியக் குடியுரிமை போயிடுமோன்னு பல பேரு பயப்படுறாங்க, பேருலதான் சிட்டிசன்னு இருக்கு, உண்மையில இது குடியுரிமை இல்ல, ஓட்டும் கிடையாது, இந்திய பாஸ்போர்ட்டும் கிடையாது.

கஷ்டம் எங்கன்னா பேப்பர்ல. பொதுவான விதிப்படி கொள்ளுப்பேத்தி வரைக்கும் தகுதி உண்டு, உங்க தாத்தா உங்க மகளுக்கு கொள்ளுத்தாத்தா, அதனால அவ அந்த வரம்புக்குள்ள வந்துடுவா. மக, நீங்க, உங்க அப்பாவோ அம்மாவோ, தாத்தான்னு நாலு தலைமுறைக்கும் சங்கிலி அறுந்து போகாம சர்டிபிகேட் காட்டணும். தமிழ்ல ஒரே பேரா இருக்கிறது தோட்டத்து கிராணி (கணக்கப்பிள்ளை) எழுதுனதுல ஒரு மாதிரியும் ஐசியில (மலேசிய அடையாள அட்டை) வேற மாதிரியும் இருக்கும், அதுக்கு என்ன குடுக்கணும்னு முன்னாடியே கோலாலம்பூர் இந்திய ஹைகமிஷன்ல கேட்டுக்கோங்க. தாத்தாவோட பழைய பாஸ்போர்ட்டு, ஊர்ல நிலப் பத்திரம், எது கிடைச்சாலும் தூக்கிப் போடாதீங்க. புதுக்கோட்டையில சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா இப்பவே ஒரு போன் போட்டுடுங்க, பெட்டிக்கு அடியில என்னென்ன கிடக்குதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

ஏஜென்டுக்கு இன்னும் காசு குடுக்கலதானே? குடுக்கிறதுக்கு முன்னாடி, எந்தக் கோட்டாவுல சீட்டு, நாலு வருஷத்துக்கும் மொத்த ஃபீஸ் எவ்வளவு, அந்தக் கோர்ஸுக்கு டயர் 1 எந்த வருஷம் வரைக்கும் இருக்கு, மூணையும் காலேஜ் லெட்டர்ஹெட்ல எழுதி வாங்கித் தரச் சொல்லுங்க.