கீரையும் பழைய சோறும் இருக்க, பி12 ஏன் குறைகிறது?

கேள்வி: எனக்கு வயது 54. பிறந்ததிலிருந்தே சைவம். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். சில மாதங்களாக இரு பாதங்களிலும் மதமதப்பு இருக்கிறது. செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகவும் குறைவு என்று வந்திருக்கிறது. தினமும் கீரையும் பழைய சோறும் சாப்பிடும் எனக்கு இது எப்படி வந்தது? ஊசி இல்லாமல் உணவாலேயே சரிசெய்ய முடியாதா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கீரையில் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் உண்டு, பி12 கிடையாது. எந்தச் செடியும் இந்த வைட்டமினைத் தயாரிப்பதில்லை. சிலவகை பாக்டீரியாக்கள் மட்டுமே உண்டாக்கும் இது, ஆடு மாடுகளின் வயிற்றில் உருவாகி, அவற்றின் பாலிலும் இறைச்சியிலும் சேர்ந்து நம்மிடம் வருகிறது. பழைய சோறு புளிப்பதும் பாக்டீரியாவால்தானே என்று கேட்கலாம். வயிற்றுக்கு இதமான உணவுதான் அது. ஆனால் பி12 தேவைக்கு அதை நம்பியிருக்க முடியாது. சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரையும் அப்படியே: அதில் இருப்பது பெரும்பாலும் நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம் என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

ஆக, சைவர்களுக்கு மிஞ்சுவது பாலும் தயிரும் பனீரும்தான். ஒரு நாளைக்கு நமக்குத் தேவை சுமார் 2 முதல் 2.5 மைக்ரோகிராம். 200 மில்லி பாலில் ஏறக்குறைய 1 மைக்ரோகிராம் கிடைக்கும். இரண்டு வேளை காபியில் சேரும் பாலையும், தண்ணீர் விட்டுப் பெருக்கிய மோரையும் வைத்துக்கொண்டு "தினமும் பால் சாப்பிடுகிறேன்" என்று நினைக்கும் வீடுகள் பல. அளந்து பார்த்தால் தேவையில் பாதிகூடத் தேறாது.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதத்துடன் இணைந்து, சிறுகுடலின் கடைப்பகுதிக்குச் சென்ற பிறகே பி12 உறிஞ்சப்படுகிறது. மெட்ஃபார்மினை நீண்டகாலம் சாப்பிடும் சிலருக்கு அந்த உறிஞ்சுதல் குறைந்துவிடுகிறது. நெஞ்செரிச்சலுக்காக ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது நேரலாம். கல்லீரலில் சில ஆண்டுகளுக்கான கையிருப்பு இருப்பதால், குறைபாடு வெளியே தெரிவதற்குள் வெகுகாலம் ஓடிவிடுகிறது. இதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். மதமதப்பு தொடங்கிவிட்ட நிலையில் பாலைக் கூட்டிக்கொண்டு காத்திருப்பது சரியல்ல, ஏனெனில் நரம்பின் பாதிப்பு முற்றிவிட்டால் முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். சர்க்கரை நோயும் இதே மதமதப்பைத் தரும் என்பதால், எது காரணம் என்று மருத்துவர் பார்க்கட்டும். ஊசியால் அளவு சரியான பிறகு, மாத்திரையாகத் தொடரலாமா என்று அவரிடமே கேளுங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு: "ரத்தம் குறைவு" என்று ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிச் சாப்பிட்டால், ரத்தசோகை சரியானதுபோலத் தோன்றும், நரம்புச் சேதமோ உள்ளே தொடர்ந்துகொண்டிருக்கும்.

கேள்வி: மீன், முட்டை, ஈரல் எல்லாம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் குறைபாடு வராதுதானே?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: உணவில் பஞ்சம் இராது, மத்தி மீனிலும் ஆட்டு ஈரலிலும் பி12 தாராளமாகவே உண்டு. முட்டையில் மஞ்சள் கருவை ஒதுக்கிவிட்டால் பெரும்பகுதி போய்விடும். ஆனால் இரைப்பையில் அந்தப் புரதம் சுரக்காதவர்களுக்கும், இரைப்பையிலோ சிறுகுடலின் கடைப்பகுதியிலோ அறுவை செய்துகொண்டவர்களுக்கும் எவ்வளவு மீன் சாப்பிட்டாலும் குறைபாடு வரலாம். அந்தப் புரதம் சுரக்காததால் வரும் ரத்தசோகை ஒரு காலத்தில் உயிர்க்கொல்லியாக இருந்தது. 1926-இல் அமெரிக்க மருத்துவர்கள் மைனாட், மர்ஃபி இருவரும் நோயாளிகளுக்குத் தினமும் ஈரலை ஏராளமாகக் கொடுத்துப் பிழைக்கவைத்தார்கள். 1934-இல் விப்பிள் என்ற இன்னொரு அமெரிக்க ஆய்வாளருடன் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்கள். ஈரலில் இருந்த அந்தப் பொருள் பி12 என்பது 1948-இல்தான் தெரியவந்தது. அறுபது வயதைத் தாண்டியவரானால், அசைவராக இருந்தாலும், காரணமில்லாத சோர்வுக்கும் மறதிக்கும் ஒருமுறை பி12 அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.