டீச்சரைக் கேளுங்கள்: புளோக்கைச் சுற்றி ஒரு நடை (சிங்கப்பூர், ஜூன் 2021)

கேள்வி: டீச்சர், ஜூன் விடுமுறை வந்துவிட்டது. கொரோனாக் கட்டுப்பாட்டால், பக்கத்தில் மலேசியாவில் இருக்கும் ஜொகூர் பாருவுக்குக்கூடப் போக வழியில்லை. கடையில் உட்கார்ந்து சாப்பிடவும் முடியாது. நாலறை வீட்டில் 7 வயதிலும் 10 வயதிலும் இரண்டு பிள்ளைகள், மாமியார், நாங்கள் இருவர். போன வாரம் ஒரு பெரிய பூங்காவுக்குப் போனோம். கூட்டத்தைப் பார்த்துப் பயந்து திரும்பிவிட்டோம். இவர்களை எங்கேதான் அழைத்துப்போவது?
– வாசகி, ஈசூன்

தூரமாக எங்கேயும் வேண்டாம் அம்மா. மின்தூக்கியில் கீழே இறங்கி, உங்கள் அடுக்குமாடிப் புளோக்கைச் சுற்றி நடங்கள். ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். போன வருஷம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்கியூட் பிரேக்கர் என்ற கொரோனா முடக்கம் இருந்ததல்லவா? விளையாட்டுத் திடலைச் சுற்றி நாடா கட்டிவிட்டார்கள். ஒரே வீட்டில் இருப்பவர்கள் மட்டும் அக்கம்பக்கத்தில் நடக்கலாம் என்றார்கள். ஆங் மோ கியோவில் எங்கள் வீட்டில் ஐந்து பேர்: 84 வயது அம்மா, நான், மகன், மருமகள், அப்போது 6 வயதான பேரன். தினமும் மாலை ஐந்தரைக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு இறங்குவோம். முதல் வாரம் பேரன் ஒரே அடம். "நேத்துப் பார்த்ததுதானே பாட்டி" என்று புளோக்கின் அடியில் திறந்தவெளியாக இருக்கும் வாய்ட் டெக்கிலேயே உட்கார்ந்துவிடுவான்.

அந்த நாள்களில் புல் வெட்டும் வேலையும் நின்றுபோயிருந்தது, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு மூன்று வாரத்தில் புல் கணுக்காலைத் தாண்டிவிட்டது. காட்டுப்பூவும் பட்டாம்பூச்சியுமாகப் புளோக்குக்குக் கீழேயே ஒரு சின்னத் தோட்டம். ஒருநாள் தூங்குமூஞ்சி மரத்தடியில் அம்மா நின்றுவிட்டார். கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். நடுவில் மஞ்சள், ஓரத்தில் வெள்ளை இதழ், ஒல்லியான நீளத் தண்டு. "வெட்டுக்காயப் பூண்டுடா. அறுப்புல அரிவாள் பட்டா இதத்தான் கசக்கி வைப்போம்" என்றார். அதற்குப் பக்கத்திலேயே தொட்டாச்சிணுங்கி. கொஞ்சம் தள்ளிக் கீழாநெல்லி. பேரனின் விரலைப் பிடித்து அந்தக் குட்டி இலைக்கொத்தைத் திருப்பிக் காட்டினார். அடியில் கடுகு கடுகாக வரிசையாய்க் காய் தொங்கியது. அவன் குந்தியவன்தான், எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் முதல் அவன்தான் முதலில் செருப்பு மாட்டினான். ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது அம்மாவிடம் வந்த மாற்றம். வீட்டில் டிவி முன்னால் வாயே திறக்காதவர், அந்த நடையில் தஞ்சாவூர்ப் பக்கத்து வாய்க்காலையும் நாற்றங்காலையும், அவருடைய அம்மா போட்ட சண்டையையும் கொண்டுவந்தார். அறுபது வருஷம் அவர் மகளாக இருந்த எனக்கே அதில் பாதி தெரியாது.

"புல்லு வெட்டுற தம்பிகளக் காணோமே" என்று அவர்தான் ஒருநாள் கேட்டார். வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் நோய் பரவி அவர்களை உள்ளேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அதற்குப்பிறகு அம்மா அன்று முழுவதும் பேசவில்லை. விடுதியில் இருந்த பெரும்பாலோருக்கு வேலைக்கும் பொழுதுபோக்கு நிலையத்துக்கும் தவிர வெளியே வர 2021 ஜூனிலும் அனுமதி இருக்கவில்லை. நடக்கப் போகும்போது பிள்ளைகளிடம் அவர்களைப் பற்றியும் சொல்லுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரத்துக்குப் பாதையை மாற்றாதீர்கள். மாமியாரின் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். 7 வயதுக்காரர் முன்னால் போகட்டும். 10 வயதுக்காரருக்கு ஒரு நோட்டு கொடுத்து, பாதையை வரைபடமாகப் போடச் சொல்லுங்கள். போன் ஒன்று போதும், அதுவும் பைக்குள். செடியைப் பறிக்கக்கூடாது, தொட்டுப் பார்க்கலாம். பொழுது சாயும்போது தூங்குமூஞ்சி மரம் இலை மடிப்பதை ஒருநாள் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஈசூன் குளத்துக்குப் போக ஆசையென்றால் காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். 

கேள்வி: மகனுக்கு 15 வயது. மே மாதம் வீட்டிலிருந்தே பாடம் என்றானதிலிருந்து அறைக் கதவைச் சாத்தியவன்தான். நடக்கக் கூப்பிட்டால் "நீங்க போங்கப்பா" என்கிறான்.
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

"வாடா நடக்கலாம்" என்று கூப்பிட்டால் அந்த வயதில் யாரும் வரமாட்டார்கள் ஐயா. வழி கண்டுபிடிக்கும் வேலையை அவனிடம் கொடுங்கள். மலாயா ரயில் ஓடிய பழைய பாதை, இப்போதைய ரயில் காரிடார், உட்லண்ட்ஸ் பக்கத்திலிருந்து தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டர். 2011 ஜூன் 30ஆம் தேதியோடு அதில் ரயில் நின்றது. ஹில்வியூ எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் அப்பர் புக்கிட் தீமா சாலைக்கு மேலே நிற்கும் இரும்புப் பாலத்துக்கு நடந்தே போய்விடலாம். எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது, எத்தனை மணிக்குத் திரும்புவது எல்லாம் அவன் முடிவு. நீங்கள் பின்னால் போங்கள்.

அந்த ரயிலில் நீங்கள் போயிருந்தால் அதைச் சொல்லுங்கள். நான் என் மகனிடம் சொன்னேன்: தஞ்சோங் பகார் நிலையத்தில் அப்பா வாங்கித் தந்த பரோட்டாப் பொட்டலம், கோலாலம்பூர் வரை கை விரலில் ஒட்டியிருந்த மீன் குழம்பு வாசனை. கேட்டுவிட்டு அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பாலத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டான். அப்போது அவனுக்கு 33 வயது.

ஒன்று மட்டும் வேண்டிக் கேட்கிறேன். அந்த நடையில் மதிப்பெண் பேச்சை எடுக்காதீர்கள். பக்கத்தில் நடப்பவனுக்கு உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனாலேயே அவனாகப் பேசுவான். முதல் நாளே பேசவில்லை என்றால் அடுத்த வாரமும் போங்கள்.

கேள்வி: மழை வந்தால்?
– வாசகி, தோ பாயோ

இந்த மாதங்களில் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்றோடு மழை அடிக்கும். இடி கேட்டால் மரத்தடியில் நிற்கவே வேண்டாம். மழை மட்டும் என்றால், உங்கள் தோ பாயோவில் புளோக்குக்குப் புளோக் கூரை போட்ட நடைபாதை இருக்கிறதே! எங்கள் பேட்டையில் அப்படிப்பட்ட பாதையில்தான் அம்மாவும் பேரனும் மழை நாளில் நடக்கிறார்கள். கூரை முடியும் இடத்தில் நின்று, சொட்டுகிற தண்ணீரில் இரண்டு பேரும் கை நீட்டுவார்கள். துடைக்க ஒரு சின்னத் துண்டு எடுத்துப்போங்கள்.