சின்னத்தைத் திருப்பிப் பாருங்கள்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் தன் வீரர்களுக்கு வழங்கிய காலாட்படைத் தாக்குதல் சின்னம் வெள்ளி நிறத்திலும் வெண்கல நிறத்திலும் இருக்கிறதே, வெண்கலம் தாழ்ந்ததா?

இல்லை. 1939 டிசம்பரில் இது உருவானபோது வெள்ளி நிறம் மட்டுமே. மோட்டார் வாகனக் காலாட்படைக்காக வெண்கலம் 1940 ஜூனில் சேர்ந்தது. மூன்று வெவ்வேறு நாள்களில், முன்வரிசையில் ஆயுதத்தோடு நின்று தாக்கியிருக்க வேண்டும் என்பதே அடிப்படை நிபந்தனை. நிறம் படிநிலையைக் காட்டுவது வேறு விருதுகளில்தான். கைகலப்புச் சண்டைப் பட்டைக்கு 15 நாள் வெண்கலம், 30 நாள் வெள்ளி, 50 நாள் தங்கம். ஐம்பது நாள் எதிரியின் முகம் தெரியும் தூரத்தில்! அந்தப் பட்டையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

என் சின்னம் மங்கிச் சாம்பல் நிறமாகிவிட்டது. மெருகேற்றலாமா?

தயவுசெய்து வேண்டாம். தொடக்ககாலச் சின்னங்கள் பெரும்பாலும் டொம்பாக் என்னும் செம்பு-துத்தநாகக் கலவை. போர் நீள நீளத் துத்தநாகமே மிஞ்சியது. துத்தநாகத்தின் மேல் வெள்ளிப் பூச்சு நிலைக்காது. அந்தச் சாம்பல் நிறம் அதன் வயது. தொடக்கத்தில் நான் ஒன்றைத் தேய்த்துவிட்டேன். போன பூச்சு திரும்பவே இல்லை. ஈரம் படாமல் வையுங்கள். மென்மையான பிவிசி உறையும் ஓக் மரப் பெட்டியும் உலோகத்தை அரிக்கும்.

ஸ்வஸ்திகா இல்லாத சின்னம் போலியா?

1957ஆம் ஆண்டு வடிவமாக இருக்கலாம். முன்னாள் வீரர்கள் ஸ்வஸ்திகா நீக்கிய விருதுகளை அணிய மேற்கு ஜெர்மனி அந்த ஆண்டு சட்டத்தால் அனுமதித்தது. போர்க்காலத்தில் சின்னங்கள் செய்த லூடன்ஷைட் நகரின் ஸ்டைன்ஹவர் உண்ட் லூக் நிறுவனமே இவற்றையும் செய்தது. போர்க்காலப் பொருள் என்று சொல்லி விற்றால் அது மோசடி.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்பக்கம் எல்லோரையும் மயக்கும், பின்பக்கத்தைப் பாருங்கள். கீல், ஊசி, கொக்கி மூன்றையும் பட்டறைக்குப் பட்டறை வேறு விதமாகப் பொருத்தினார்கள். அதே தயாரிப்பாளரின் ஐயத்துக்கு இடமில்லாத சின்னத்தோடு ஒப்பிடுங்கள். அச்சில் இருந்த சிறு கீறல்கூட அதில் அடித்த சின்னங்களில் பதிந்திருக்கும். அசலிலிருந்து அச்சு எடுத்து வார்த்த நகல், உலோகம் ஆறும்போது சுருங்குவதால், சற்றே சிறியதாக இருக்கும். வெர்னியர் அளவி அதைக் காட்டிக்கொடுக்கும்.

விருதுச் சான்றிதழோடு விற்கிறார்கள். நம்பலாமா?

இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். காகிதம் நீலமாக ஒளிர்ந்தால் விலகிவிடுங்கள். அந்த ஒளிர்வைத் தரும் வெண்மையூட்டிகள் போருக்குப் பிறகே காகிதத்தில் பரவலாயின. ஒளிராவிட்டால், வீரரின் சம்பளப் புத்தகத்தைக் கேளுங்கள். விருதுகள் அதில் தேதியோடு பதிவாகும். இரண்டின் தேதியும் பொருந்தினால் பிறகு விலை பேசலாம்.