ஒரு பக்கத்துக்கு ஐந்து சொல்

கேள்வி: பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இப்போது அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். 'தினமும் இங்கிலீஷ் பேப்பர் படி, தானா வந்துடும்' என்று எல்லாரும் சொன்னார்கள். வீட்டில் கெஞ்சி பேப்பர் போடச் சொன்னேன். தெரியாத சொல்லையெல்லாம் நோட்டில் எழுதி அர்த்தம் பார்த்தேன். ஒரு செய்தி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது, மறுநாள் பாதி மறந்தும் போனது. இப்போது பேப்பர் பிரிக்காமலே பழைய பேப்பர்காரருக்காகச் சேர்கிறது. எனக்கு வாசிப்புப் பழக்கம் வரவே வராதா?

பதில்: அந்த நோட்டை முதலில் மூடி வையுங்கள். ஒரு மணி நேரம் அகராதி புரட்டி ஒரு செய்தியை முடித்தவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. உங்களுக்கு யோசனை சொன்னவர்களில் எத்தனை பேர் அந்தப் பேப்பரை முழுதாகப் படிப்பவர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

மொழி கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் ஒரு கணக்குச் சொன்னார். துணையில்லாமல் ஆங்கில நாவலோ நாளிதழோ படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைப்பவையும் சேர்ந்தது ஒரு குடும்பம். அவர் வைத்துக்கொண்ட அளவுகோல், நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருப்பது. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டுமே புதிது. 250 சொற்கள் கொண்ட ஒரு பக்கத்தில் ஐந்து. இருபத்தைந்து சொல் தெரியாவிட்டால் கதை எங்கே போகிறது என்பதே பிடிபடாது.

போதாததற்கு, நாளிதழுக்கென்று ஒரு தனி பாஷை இருக்கிறது. 'நாட்' என்றால் தலையாட்டல் என்று அகராதி சொல்லும். தலைப்பில் வந்தால் அது அரசின் ஒப்புதல். 'ரோ' என்றால் வரிசை என்றுதான் பள்ளியில் படித்தோம். அதே எழுத்துகள் தலைப்பில் வந்தால் சர்ச்சை என்று பொருள், உச்சரிப்பும் 'ரௌ'. தொடக்கக்காரர் கையில் முதலில் கொடுக்கக் கூடாத பொருள் இது.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1920-களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், வங்காள மாணவர்கள் ஆங்கிலப் பாடநூலில் திணறுவதைக் கவனித்தார். அந்த நூல்களில் புதிய சொற்கள் நெருக்கி அடைத்துக் கிடந்தன. அரிய சொற்களை எடுத்துவிட்டுப் பழகிய சொற்களைப் போட்டு, புதியவற்றை இடைவெளி விட்டுத் தூவி, வாசிப்பு நூல்களைத் திருத்தி எழுதினார். இன்று உலகெங்கும் விற்கும் படிநிலை வாசிப்பு நூல்களுக்கு முன்னோடி அவை. நம் துணைக்கண்டத்து மாணவர்களுக்காகச் செய்த மருந்து, நம் கல்லூரிகளில்தான் அதிகம் கண்ணில் படுவதில்லை. பார்ட் டூ இங்கிலீஷை கைடு வைத்தே தாண்டிவிடலாம் என்பதால் யாரும் தேடுவதுமில்லை.

படிநிலை நூல்களுக்கு உதாரணம், 'ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ்' வரிசை. முதல் படிநிலை 400 தலைச்சொற்களுக்குள், அதாவது அகராதியில் தனியாக இடம்பெறும் அடிப்படைச் சொற்களுக்குள், எழுதப்பட்டது, இரண்டாவது 700, ஆறாவது 2,500. நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பிரதம் புக்ஸ் நடத்தும் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் கதைகள் இலவசம், நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் உண்டு. குழந்தைக் கதையா என்று கூச்சப்பட வேண்டாம். போனில் படித்தால் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன தெரியப்போகிறது?

புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்குங்கள். பக்கம் முடியும் முன் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

உங்களுக்கென்று இன்னொரு நல்ல வழி இருக்கிறது. பிளஸ் ஒன்னில் நீங்கள் தமிழில் படித்த இயற்பியல் புத்தகத்தின் ஆங்கில வழிப் பதிப்பு, அரசின் பாடநூல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதே பாடம், அதே படம், அதே கணக்கு. உந்தம் 'மொமெண்டம்' ஆகியிருக்கும், முடுக்கம் 'ஆக்ஸிலரேஷன்' ஆகியிருக்கும். விஷயம் ஏற்கெனவே தெரியும் என்பதால் வாக்கியம் தானே வழிவிடும். செமஸ்டர் புத்தகங்களும் மிரட்டாது. வாரத்துக்கு இரண்டு பக்கம் போதும். இது கதை படிப்பதற்கு மாற்று அல்ல, கூடவே வைத்துக்கொள்ள வேண்டியது.

வேகம் வராததற்கு இன்னொரு காரணம், நாம் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே படிப்பது. தமிழில் 'நேற்று பஸ்ஸில் நான் பார்த்த பையன்' என்போம், பையன் கடைசியில் வருவான். ஆங்கிலத்தில் பையன் முதலிலேயே வந்துவிடுவான், பார்த்ததும் பஸ்ஸும் நேற்றும் அவன் பின்னால் வரிசையாக வரும். மொழிபெயர்ப்பவர் முற்றுப்புள்ளி வரை போய், அங்கிருந்து திரும்பி நடந்து வருகிறார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் போக்குவரத்து இரட்டிப்பு. இதை உடைக்க, முதல் சில நாள் பென்சிலால் மூன்று நான்கு சொற்களுக்கு ஒரு கோடு போட்டு, துண்டு துண்டாக, வந்த வரிசையிலேயே புரிந்துகொண்டு போங்கள். ஒலிவடிவம் உள்ள கதையானால் கேட்டுக்கொண்டே கண்ணை ஓட்டுங்கள். குரல் உங்களைத் திரும்பிப் பார்க்க விடாது.

அகராதி வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. தெரியாத சொல்லின் கீழ் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகருங்கள். அதே சொல் மூன்றாம் முறை வந்தால் அன்றிரவு பாருங்கள். ஒரே முறை வந்து போனது போகட்டும்.

எவ்வளவு நேரம்? நாளுக்கு இருபது நிமிடம். நிமிடத்துக்கு நூறு சொல் என்ற மெதுவான நடையிலும் 2,000 சொற்கள் ஆகிவிடும். முதல் படிநிலைப் புத்தகம் ஏறத்தாழ 5,000 சொற்கள்தான், மூன்று நாளில் முடிந்துவிடும். கடைசிப் பக்கத்தைத் தொடுவது எப்படி இருக்கும் என்பது உங்களுக்கு ஆங்கிலத்தில் இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன். பத்துப் புத்தகம் முடிக்கும்வரை படியை ஏற்ற வேண்டாம். பிடிக்காத கதையை ஐந்தாம் பக்கத்திலேயே தூக்கிப் போடலாம், இதில் அரியர் கிடையாது.

இதனால் இங்கிலீஷ் பேச வருமா என்றால், நேரடியாக வராது. பேசித்தான் பேச்சு வரும். ஆனால் பேச வாய் திறக்கும்போது சொல் கிடைக்கும்.

பேப்பரை நிறுத்த வேண்டாம், கடைசியிலிருந்து பிரியுங்கள். முந்தின இரவு நீங்கள் பார்த்த கிரிக்கெட் ஆட்டத்தின் செய்தி விளையாட்டுப் பக்கத்தில் இருக்கும். யார் ஜெயித்தார்கள், எந்த ஓவரில் ஆட்டம் திரும்பியது எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. முதலில் டீக்கடையில் தமிழ்ப் பேப்பரில் அதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து இதைப் படியுங்கள். முதல் பக்கம் அடுத்த வருஷம் வரை காத்திருக்கும்.