சர்க்கரைப் புண்ணும் சமையல் எண்ணெயும்

களியக்காவிளை வாசகர் ஒருவரின் கேள்வி: "அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை நோய். காலில் சின்னப் புண் வந்தாலும் சீழ் பிடித்துவிடுகிறது. வீட்டில் எப்போதும் தேங்காய் எண்ணெய்தான். அது கிருமியைக் கொல்லும், தினம் காலையில் இரண்டு மேசைக்கரண்டி குடிக்கட்டும் என்கிறார் மாமா. மீன் எண்ணெய் மாத்திரை நாளுக்கு ஆறு போடச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?"

இரண்டுமே வேண்டாம்.

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அதிலிருந்து வரும் மோனோலாரின் சோதனைக் குழாயில் சில பாக்டீரியாக்களைக் கொல்வது உண்மை. ஆனால் வாய்வழி போன எண்ணெய் குடலில் செரித்து, பெரும்பாலும் எரிபொருளாகச் செலவாகிவிடும். கால் புண்ணை எட்டிக் கிருமியைக் கொல்லும் அளவுக்கு இரத்தத்தில் தேங்காது. இரண்டு மேசைக்கரண்டியில் சுமார் 24 கிராம் நிறைகொழுப்பு இருக்கிறது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு ஒரு நாள் முழுதுக்கும் 22 கிராம்தான் வரம்பு. சர்க்கரை நோயாளியின் இதயத்துக்கு இது நல்லதல்ல.

மீன் எண்ணெய் விஷயம் இன்னும் நுட்பமானது. சாப்பிடும் கொழுப்பு சில வாரங்களில், கிருமியை எதிர்க்கும் இரத்த வெள்ளையணுக்களின் சவ்விலேயே போய்ச் சேர்கிறது. அங்குள்ள ஒமேகா-6 கொழுப்பிலிருந்துதான் "இங்கே கிருமி, ஓடி வாருங்கள்" என்று மற்ற அணுக்களை அழைக்கும் லூக்கோட்ரையீன்கள் உருவாகின்றன. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு மிகுந்தால் அந்த அழைப்பு மெலிகிறது. வீக்கம் தணிவதும் இதனால்தான். எலி ஆய்வுகளில் மீன் எண்ணெய் மிகுந்த தீனி லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவை எதிர்க்கும் திறனைக் குறைத்தது. ஆனால் சீழ்ப்புண்களில் அதிகம் காணப்படும் ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா இரத்தத்தில் பரவியபோது, நிறைகொழுப்பு மிகுந்த தீனி தின்ற எலிகளே அதிகம் இறந்தன. ஒமேகா-3 மிகுந்த தீனி தின்றவை கூடுதலாகப் பிழைத்தன. ஒரே கொழுப்பு ஒரு கிருமியிடம் உதவுகிறது, இன்னொன்றிடம் கெடுக்கிறது. அந்த எலிகள் தின்ற அளவும் நம் தட்டில் வருவதில்லை. எனவே "கிருமியை வெல்லும் எண்ணெய்" என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

சாதாரண 1000 மில்லிகிராம் மாத்திரையில் ஒமேகா-3 சுமார் 300 மில்லிகிராம்தான். செறிவூட்டியதில் அதைவிடக் கூடும், ஆறு போட்டால் அளவு ஏறிவிடும். நாளுக்கு 4 கிராம் ஒமேகா-3 கொடுத்த பெரிய ஆய்வுகளில் இதயத் துடிப்பு ஒழுங்கு தப்புவது அதிகரித்தது. அப்பா இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரானால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. உங்கள் ஊரில் சாளைக்குப் பஞ்சமா? வாரம் இருமுறை, 100 கிராம் அளவில், குடம்புளி போட்டுக் குழம்பாக வையுங்கள். பொரித்தால் மீனோடு பொரித்த எண்ணெயும் உள்ளே போகும்.

தாளிப்புக்குத் தேங்காய் எண்ணெய் இருக்கட்டும், மற்றதற்குக் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ. எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளுக்கு ஐந்து தேக்கரண்டி. நான்கு பேர் வீட்டுக்கு மாதம் மூன்று லிட்டர் போதும். குழம்பில் தேங்காய் அரைத்தால் அதையும் கணக்கில் வையுங்கள். நேந்திரங்காய் வறுத்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள்.

புண் ஆறாததற்கு எண்ணெயைவிடப் பெரிய காரணம் இரத்தத்தில் உள்ள சர்க்கரைதான். அது ஏறியிருக்கும்போது வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்கும் வேகம் குறைகிறது. பாதத்துக்கு இரத்த ஓட்டம் குறைந்திருந்தால் அவை புண்ணை எட்டுவதும் கடினம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை உடனே எடுங்கள். மரச்சீனிக் கிழங்கின் அளவைக் குறைத்து மீன், முட்டை, பயறு கூட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புண்ணில் எந்த எண்ணெயும் ஊற்றாதீர்கள். சிவப்பு பரவினாலோ, நாற்றம் அடித்தாலோ, தோல் கறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம், சர்க்கரை நோயில் கால் மரத்துப்போயிருக்கலாம்.