பேயே வராத பேய்க்கதை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், சென்ற இதழில் ஷெர்லி ஜாக்சனின் 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' நாவலைப் படிக்கச் சொல்லியிருந்தீர்கள். நம்பி வாங்கினேன். முதல் ஐம்பது அறுபது பக்கம் ஒருத்தி கார் ஓட்டிக்கொண்டு போகிறாள், வழியில் சாப்பிடுகிறாள், கண்ணில் படுகிற வீட்டை எல்லாம் தன் வீடு என்று நினைத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். கடைசி வரை பேய் வரவே இல்லை. இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கோபமாகத்தான் மூடி வைத்தேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி ஹால் விளக்கை அணைக்க மனசு வரவில்லை. வீட்டுக்காரர் இன்னமும் கிண்டல் செய்கிறார். வராத பேய்க்கு நான் எதற்குப் பயந்தேன்?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: நீங்கள் போரடித்தது என்று சொல்கிற அந்தக் கார் பயணத்துக்குத்தான் பயந்தீர்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கார் ஓட்டிப் போகிற அந்த எலினாருக்கு 32 வயது. பதினொரு வருஷம் படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டவள், அம்மா செத்த பிறகு அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறாள். காரில் பாதிப் பங்கு அவளுடையது, ஆனாலும் அக்காவும் அத்தானும் எடுக்கக்கூடாது என்கிறார்கள். ஹில் ஹவுஸ் என்ற பேய்வீட்டை ஆராய டாக்டர் மாண்டேக்யூ என்பவர் அழைத்திருக்க, ஒரு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். வழியில் வாசலில் கல் சிங்கம் வைத்த ஒரு வீடு தெரிகிறது, உடனே அங்கே குடியேறி அந்தச் சிங்கங்களைத் துடைத்து வைப்பதாகக் கற்பனை. ஒரு ஹோட்டலில் ஒரு சின்னப் பெண், நட்சத்திரம் வரைந்த என் கோப்பை இல்லாமல் பால் குடிக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. விட்டுக்கொடுத்துவிடாதே என்று எலினார் மனசுக்குள்ளேயே அதற்குச் சொல்கிறாள். அப்புறம் ஹில் ஹவுஸுக்குப் போனதும், அவளைப் போலவே அழைப்பின் பேரில் வந்த தியோடோராவிடம், எனக்குத் தனி வீடு இருக்கிறது, கல் சிங்கம் இருக்கிறது, நட்சத்திரக் கோப்பையும் இருந்தது என்று அளக்கிறாள் பாருங்கள், அந்த இடத்தில் எனக்கு உடம்பு கூசியது. வழியில் பொறுக்கியதை எல்லாம் சேர்த்து ஒரு வாழ்க்கையைக் கட்டிச் சொல்கிறாள். அந்த அளவுக்குப் போக்கிடம் இல்லாதவள்.

இப்போது முதன்முதலாக இடி கேட்கிற அந்த ராத்திரியைத் திரும்பப் படியுங்கள். நடைக்கூடத்தில் யாரோ கதவு கதவாக இடித்துக்கொண்டு வருகிறார்கள். எலினார் தூக்கக் கலக்கத்தில் எழுந்து சொல்கிற முதல் வார்த்தை, இதோ வந்துட்டேன் அம்மா. அவள் அம்மா சுவரைத் தட்டித்தான் கூப்பிடுவாள். செத்துப்போன ராத்திரியும் அப்படித் தட்டியிருக்கிறாள், எலினார் எழுந்திருக்கவில்லை. இல்லை, எழுந்துவிட்டுத் திரும்பத் தூங்கிவிட்டாளா என்பது அவளுக்கே தெரியவில்லை. ஆக, அந்த வீடு அவளைப் பயமுறுத்த வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை, அவள் பெட்டியில் கொண்டு வந்ததையே எடுத்து அவள் கதவில் தட்டுகிறது. பிறகு சுவரில் அவள் பேரை எழுதி, எலினார் வீடு திரும்ப உதவுங்கள் என்று கேட்கிறது. அக்கா அழைக்கவில்லை, அத்தான் அழைக்கவில்லை, இந்த வீடுதான் அவளைப் பேர் சொல்லி அழைக்கிறது. போகாதே என்று நமக்குக் கத்தத் தோன்றுகிறது, ஆனால் வேறு எங்கே போவாள் என்று கேட்டால் நம்மிடம் பதில் கிடையாது. ஹால் விளக்கு விஷயத்தை உங்கள் வீட்டுக்காரரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், அல்லது புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் ஊருக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: எல்லாமே எலினாரின் மனப்பிரமைதான், பேய் என்று ஒன்றும் இல்லை என்கிறான் என் நண்பன். சரியா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: உங்கள் நண்பர் புத்தகத்தைப் படித்தாரா, இல்லை புத்தகத்தைப் பற்றிப் படித்தாரா? அந்த முதல் இடியைத் தியோடோராவும் கேட்கிறாள். அதே நேரத்தில் டாக்டர் மாண்டேக்யூவும் அந்த வீட்டின் வாரிசான லூக்கும், நாய் மாதிரித் தெரிந்த எதையோ துரத்திக்கொண்டு வெளியே போயிருக்கிறார்கள், அவர்கள் காதில் ஒன்றும் விழவில்லை. சரி, பெண்கள் இரண்டு பேரின் பிரமை என்று வைத்துக்கொள்ளலாம் என்றால், பிறகு ஒரு ராத்திரி நாலு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து கேட்கிறார்கள். குழந்தைகள் அறை வாசலில் இருக்கும் குளிர் எல்லோருக்கும்தான் உறைக்கிறது. வீட்டில் ஏதோ இருக்கிறது. அது எலினாருக்குள்ளிருந்து கிளம்புகிறதா, வீட்டிலிருந்தா என்பதைத்தான் ஜாக்சன் சொல்லாமல் விடுகிறார். சிறு வயதில் அவள் வீட்டின் மேல் மூன்று நாள் கல்மழை பொழிந்தது என்று ஆரம்பத்திலேயே ஒரு குறிப்பு வருகிறது, அதையும் உங்கள் நண்பருக்கு நினைவூட்டுங்கள். தமிழிலேயே பார்க்க வேண்டுமென்றால் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' இருக்கிறது. அதிலும் உண்டா இல்லையா என்று கடைசி வரை முடிச்சை அவிழ்க்க மாட்டார்.

கேள்வி: கட்டட வேலை பார்ப்பவன் நான். அந்த வீட்டில் கதவெல்லாம் தானாக மூடிக்கொள்கிறதே, அதற்கு அந்த டாக்டர் சொல்லும் காரணம் சாத்தியமா, சும்மா கதையா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: உங்களுக்குத் தெரியாததா. நிலை தூக்குக் குண்டுக்குச் சரியாக நிற்கவில்லை என்றால் கதவு ஒரு பக்கம் தானாக ஓடத்தான் செய்யும். ஹியூ கிரெய்ன் என்கிற கிறுக்கு மனிதர் எண்பது வருஷத்துக்கு முன்னால் எந்த மூலையையும் நேர்க்கோணத்தில் வைக்காமல், எல்லாவற்றையும் துளித்துளி தப்பாகவே கட்டியிருக்கிறார் என்கிறார் டாக்டர். படிக்கட்டு மட்டமாக இல்லை, இந்த ஜன்னலிலிருந்து கோபுரம் தெரிய வேண்டும் என்று நினைத்தால் தெரிவதில்லை. இந்த விளக்கம் வந்ததும் நமக்கு நிம்மதியாகிவிடுகிறது, அப்பாடா ரசமட்டப் பிரச்சினைதான் என்று. ஜாக்சன் செய்கிற திருட்டு வேலையே அதுதான். கதவுக்குக் காரணம் கிடைத்த தைரியத்தில் நாம் அடுத்த அறைக்குள் போகிறோம், அங்கே நடப்பதற்குக் காரணம் கிடையாது.

கேள்வி: அந்த ஷெர்லி ஜாக்சன் அம்மாள் நிஜமாகவே பில்லிசூனியம் செய்பவராமே?
– பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: முதல் நாவல் 1948-ல் வந்தபோது பதிப்பாளர்கள் விளம்பரத்துக்கு அப்படி ஒன்றைக் கிளப்பிவிட்டார்கள், அது ஒட்டிக்கொண்டது. மந்திர தந்திரப் புத்தகங்கள் நிறையப் படித்தவர் என்பது உண்மை. வெர்மான்ட் மாநிலத்தில் நார்த் பென்னிங்டன் என்ற சிற்றூரில் நாலு குழந்தைகளை வளர்த்துக்கொண்டு, அந்தக் குழந்தைகள் செய்யும் அட்டகாசத்தைப் பத்திரிகைகளில் நகைச்சுவையாக எழுதிக்கொண்டும் இருந்தார். அதனால்தான் ஹில் ஹவுஸில் இத்தனை சிரிப்பு இருக்கிறது. வேலைக்காரி திருமதி டட்லி, இருட்டுவதற்கு முன்னால் போய்விடுவேன், ராத்திரி நீங்கள் கத்தினாலும் யாருக்கும் கேட்காது என்று மெனு கார்டு வாசிப்பதுபோல ஒப்பிப்பாள். சிரித்துவிட்டு நாலு பக்கம் தள்ளிப் போனால் அது நினைவுக்கு வரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆவி ஆராய்ச்சியாளர்கள் சிலர் ஒரு பேய்வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கிக் குறிப்பு எழுதினார்கள், அதைப் படித்துத்தான் நாவலுக்கான எண்ணம் வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் குறிப்புகளில் வீட்டைவிட அதில் தங்கிய ஆட்கள்தான் அவரை இழுத்தார்களாம். நாவல் வந்தது 1959-ல். அதற்குப் பிறகு சில வருஷங்களில் வீட்டை விட்டு வெளியே வரவே முடியாத அளவுக்கு மனப்பதற்றத்தில் இருந்தார், 1965-ல் 48 வயதில் இறந்துபோனார். இதைப் பில்லிசூனியக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: படிக்க நேரமில்லை, படமாகப் பார்த்தால் போதுமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: 1963-ல் ராபர்ட் வைஸ் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் என்றால் போதும் என்று பாதி மனசோடு சொல்வேன். கதவு உள்பக்கமாகப் புடைக்கும், அவ்வளவுதான் காட்டுவார், மற்றதெல்லாம் சத்தம். 1999-ல் வந்தது கிராபிக்ஸ் கண்காட்சி, சிலைகூட எழுந்து வரும், குழந்தைகள் பயப்படமாட்டார்கள். 2018-ல் வந்த பத்துப் பகுதித் தொடர் நன்றாகவே இருக்கிறது, ஆனால் பேர்களை மட்டும் எடுத்துக்கொண்டு எலினார், தியோ, லூக்கை எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக்கிவிட்டார்கள், அது வேறு கதை. எதைப் பார்த்தாலும் அந்த ஒரு காட்சியைப் புத்தகத்தில் படித்துவிடுங்கள்: இருட்டில் பயத்தில் தியோடோராவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கிறாள் எலினார், விளக்கு எரிகிறது, பார்த்தால் தியோடோரா எட்டாத தூரத்தில் தன் கட்டிலில். நேரம் இல்லை என்றால் ஐந்தாம் அத்தியாயம் மட்டும்கூடப் படிக்கலாம், அதற்கு மேல் நேரம் தானாகக் கிடைக்கும்.