சாலமன் பர்க்கின் 2002 ஆல்பத்தை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

பழைய பாடகர் திரும்பி வந்தார் என்ற அனுதாபம்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ‘டோன்ட் கிவ் அப் ஆன் மீ’ என்ற அந்த ஆல்பம் பதிவான விதத்தில்தான் விடை இருக்கிறது.

1960களில் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடிப் புகழ்பெற்ற அமெரிக்க சோல் இசைப் பாடகர் பர்க். பிறகு பல பத்தாண்டுகள் பெரிய வெற்றி இல்லை. அறுபதைத் தாண்டியவரிடம் தயாரிப்பாளர் ஜோ ஹென்றி பழைய பாணியை நகலெடுக்கச் சொல்லவில்லை. பாப் டிலன், டாம் வெயிட்ஸ், வான் மோரிசன், பிரையன் வில்சன் போன்றோர் எழுதிய பாடல்களைக் கொடுத்தார். எல்லாரும் ஒரே அறையில் சேர்ந்து வாசிக்க, நான்கே நாட்களில் பதிவு முடிந்தது. ஊதுகருவிகளின் ஆர்ப்பாட்டம் கிடையாது. டிரம்ஸ், பேஸ், கிட்டார், பர்க்கின் சொந்தத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த ரூடி கோப்லாண்ட் என்று பெரும்பாலும் ஒரு சிறிய குழுதான். அதனால் குரல் ஒளிந்துகொள்ள இடமே இல்லை!

தலைப்புப் பாடலைக் கேளுங்கள். டான் பென்னும் இன்னும் இருவரும் எழுதியது. என்னைக் கைவிட்டுவிடாதே என்று காதலியிடம் கெஞ்சும் பாடல்தான். ஆனால் சிறுவயது முதலே பிரசங்கம் செய்தவர் அதைப் பாடும்போது, மன்றாட்டு கடவுளை நோக்கியும் திரும்புகிறது. இளைஞன் ஒருவன் இதை இப்படிப் பாடியிருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த ஆல்பம்தான் அவருக்கு முதல் கிராமி விருதைத் தந்தது, சமகால புளூஸ் பிரிவில். கேட்கத் தொடங்குவதானால், முதலில் தலைப்புப் பாடல். அடுத்து, அலபாமாவின் பார்வையற்ற பாடகர் குழு உடன் பாடும் ‘நன் ஆஃப் அஸ் ஆர் ஃப்ரீ’. ஹெட்போனில், இரவில் கேளுங்கள்.